ரெக்கவரி வண்டி இழுத்து வந்த காரில் ஏற்பட்ட சேதம்: பொறுப்பு யாருடையது?

பாளை ஆசிரியர் (பாளையங்கோட்டை) – செவ்வாய், இரவு 9.40

அனைவருக்கும் வணக்கம். மூன்று வாரங்களாக மனத்தை அரித்துக்கொண்டிருக்கும் ஒரு சிக்கலை இங்கே முழுமையாக எழுதுகிறேன். விவரம் அறிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

நாகர்கோவிலில் ஒரு திருமணத்திற்குச் சென்றுவிட்டுக் குடும்பத்துடன் திரும்பி வரும்போது, பணகுடியைத் தாண்டியதும் நான்குவழிச் சாலையில் காரின் மின்விளக்குகள் மங்கி, சற்று நேரத்தில் என்ஜினும் நின்றுவிட்டது. வண்டியை ஓரமாக, முன்புறம் தடுப்புக் கம்பியை நெருங்கிய நிலையில், நிறுத்த முடிந்தது. அது என்ஜின் முன்சக்கரங்களைச் சுழற்றும், சி.வி.டி. (பட்டையும் புல்லியும் கொண்ட கியர்பாக்ஸ்) வகை ஆட்டோமேட்டிக் கார். இன்சூரன்ஸ் பாலிசியுடன் தனியாகப் பிரீமியம் கட்டி வாங்கிய சாலையோர உதவி இருந்ததால் அந்த எண்ணை அழைத்து, வண்டி ஆட்டோமேட்டிக் என்பதையும், தட்டையான மேடையுள்ள வாகனம் வேண்டும் என்பதையும் இருமுறை சொன்னேன். ஒன்றரை மணி நேரம் கழித்து வந்ததோ, இரண்டு சக்கரங்களை மட்டும் தூக்கி இழுக்கும் பழைய ரெக்கவரி வண்டி.

காரின் முன்பக்கம் தடுப்புக் கம்பியை ஒட்டி நின்றதால், வந்தவர் பின்பக்கத்தைத் தூக்கினார். முன்சக்கரங்கள் சாலையில் உருண்டுகொண்டு வரும் என்பதை நான் சுட்டிக்காட்டியபோது, நியூட்ரலில் போட்டுவிட்டால் ஒன்றும் ஆகாது என்று சொல்லி ஒரு சீட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டார். குழந்தைகள் உறங்கத் தொடங்கிவிட்டார்கள், இருட்டும் சூழ்ந்துவிட்டது, நான் கையெழுத்திட்டேன். அங்கிருந்து திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில் உள்ள ஒர்க்‌ஷாப் வரை ஏறத்தாழ 50 கிலோமீட்டர் அப்படியே இழுத்து வந்தார்கள்.

மறுநாள் ஒர்க்‌ஷாப்பில் கண்டது: நின்றுபோனதற்குக் காரணம், காருக்கு மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரின் பழுது, அதற்கு 14,000 ரூபாய். ஆனால் கியர்பாக்ஸ் உள்ளே உரசிக் கருகியிருக்கிறது, அதற்கு 1,38,000 ரூபாய். பின்பம்பர் இருபுறமும் கிழிந்திருக்கிறது. உதவி நிறுவனம், ரெக்கவரி உரிமையாளரைக் கேளுங்கள் என்கிறது. ரெக்கவரி உரிமையாளர், ‘வாகன உரிமையாளரின் சொந்தப் பொறுப்பில்’ என்று சீட்டில் அச்சிட்டிருப்பதைக் காட்டுகிறார். இன்சூரன்ஸ் நிறுவனம், இது விபத்து அல்ல, இயந்திரப் பழுது என்கிறது. மூவரும் கைகாட்டும் திசையில் நிற்பது நான்தான்.

வள்ளியூர் ரெக்கவரி (வள்ளியூர்) – செவ்வாய், இரவு 10.25

அண்ணாச்சி, இதே தொழிலில் பதினோரு ஆண்டுகளாக இருக்கிறேன். என் தொழிலைச் சேர்ந்தவர் செய்தது என்பதற்காக மறைத்துப் பேச மாட்டேன். அவர் செய்தது தவறு.

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்குள் எண்ணெயைச் சுற்றவிடும் பம்ப், என்ஜின் ஓடும்போதுதான் ஓடும். என்ஜின் நின்றிருக்க, கியர்பாக்ஸோடு இணைந்த சக்கரங்கள் (உங்கள் காரில் முன்சக்கரங்கள்) சாலையில் உருண்டால், உள்ளே இருக்கும் பாகங்கள் எண்ணெய் இல்லாமலேயே சுழலும். சி.வி.டி.யில் எஃகுப் பட்டையும் இரண்டு கூம்புப் புல்லிகளும் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு ஓடுகின்றன. அங்கே எண்ணெய் போகவில்லையென்றால் சூடு ஏறி உரசிவிடும். நியூட்ரலில் போட்டாலும் சக்கரத்தோடு இணைந்த பக்கம் சுழலத்தான் செய்யும். சில நூறு மீட்டர் தள்ளி ஓரங்கட்டுவது வேறு, பணகுடியிலிருந்து வண்ணாரப்பேட்டை வருவது வேறு. உங்கள் வண்டியின் கையேட்டிலேயே முன்சக்கரங்கள் தரையில் படாமல் தூக்க வேண்டும் அல்லது மேடை வண்டியில் ஏற்ற வேண்டும் என்று இருக்கும். அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து வையுங்கள்.

முன்பக்கம் கம்பியை ஒட்டி இருந்தால் செய்ய வேண்டியது இதுதான்: பின்னாலிருந்து பத்தடி மெதுவாக வெளியே இழுத்து, வண்டியைத் திருப்பி, முன்பக்கத்தைத் தூக்குவது. இருபது நிமிட வேலை. அதுவும் முடியாவிட்டால் தரையில் படும் சக்கரங்களுக்கு அடியில் சிறு உருளை வண்டி வைப்போம். அதுவும் இல்லாதவர் அந்த வேலையை ஏற்கக் கூடாது. மின்சார கார்களுக்கு இன்னும் கூடுதல் எச்சரிக்கை தேவை, ஏனெனில் சக்கரம் சுழன்றால் மோட்டாரே மின்சாரம் உண்டாக்கத் தொடங்கும். அவற்றை மேடை வண்டியில் மட்டுமே ஏற்றுகிறேன்.

பம்பர் கிழிந்ததற்குக் காரணம், காரைக் கட்டும் பெல்ட்டைச் சக்கரத்தின் மேல் போடாமல் பாடியைச் சுற்றிப் போட்டதாக இருக்கும். படம் இருந்தால் போடுங்கள்.

ஓய்வுபெற்ற சர்வேயர் (மகாராஜநகர்) – புதன், காலை 6.15

இன்சூரன்ஸுக்காக வாகனச் சேதத்தை மதிப்பிடும் சர்வேயராக இருந்தவன் நான். ஆசிரியர் ஐயாவுக்கு இன்சூரன்ஸ் பக்கத்தை மட்டும் விளக்குகிறேன்.

நம் நாட்டில் வழக்கத்தில் உள்ள முழுமைப் பாலிசியின் முதற்பிரிவில், தீ, திருட்டு, வெள்ளம், வெளிப்புறத்திலிருந்து நேரும் விபத்து ஆகியவற்றோடு, சாலை, இரயில், உள்நாட்டு நீர்வழி, லிஃப்ட், விமானம் ஆகியவற்றில் வாகனம் கொண்டுசெல்லப்படும்போது ஏற்படும் சேதமும் பட்டியலிடப்பட்டுள்ளது. பலரும் இந்த வரியைக் கவனிப்பதில்லை. ரெக்கவரி வண்டியின் மேடையிலிருந்து கார் நழுவி விழுந்தாலும், பம்பர் கிழிந்தாலும் உங்கள் சொந்தப் பாலிசியிலேயே கோரிக்கை எழுப்பலாம். உங்கள் பம்பருக்கு இழப்பீடு மறுக்க அவர்களுக்கு நியாயமில்லை.

கியர்பாக்ஸ் விஷயம் அவ்வளவு நேரானதல்ல. இயந்திர, மின்பழுது, தேய்மானம், தொடர்விளைவு இழப்பு ஆகியவை பாலிசியில் விலக்கப்பட்டுள்ளன. அந்தச் சொற்களைப் பிடித்துக்கொண்டுதான் உங்களுக்கு மறுத்திருக்கிறார்கள். ஆனால் ஆல்டர்னேட்டர் பழுதுதான் இயந்திரப் பழுது. கியர்பாக்ஸ் கருகியதோ, கொண்டுசெல்லும்போது வெளியிலிருந்து ஒருவர் செய்த செயலால் நேர்ந்தது. இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டவிடாமல், இரண்டு தனி நிகழ்வுகளாக எழுத்தில் பிரித்துக் காட்டுங்கள். எழுத்து மூலமாக மறுப்பு வந்தால், ஓராண்டுக்குள் சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் ஓம்பட்ஸ்மேனிடம் (குறைதீர் அதிகாரியிடம்) முறையிடலாம். அங்கே கட்டணம் இல்லை, 50 லட்சம் ரூபாய் வரையிலான இழப்பீடுகளை அவர் விசாரிக்கலாம். அதே விஷயத்தை நுகர்வோர் ஆணையத்தில் ஏற்கெனவே தொடுத்திருந்தால் அவர் ஏற்கமாட்டார், ஆகவே வரிசையை யோசித்து முடிவெடுங்கள்.

கோரிக்கை எழுப்பினால் நோ கிளெய்ம் போனஸ் எனும் பிரீமியத் தள்ளுபடி போய்விடும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். ஐந்து ஆண்டுகள் கோரிக்கையே எழுப்பாதவருக்கு அது 50 விழுக்காடு வரை உயர்ந்திருக்கும். பம்பருக்காக மட்டும் அதை இழப்பது இலாபமாக இருக்காது.

இன்னொன்று, ரெக்கவரி தம்பிக்கும் பயன்படும். உங்கள் இழுவை வண்டிக்கு எடுத்திருக்கும் சாதாரண வணிக வாகனப் பாலிசி, நீங்கள் இழுத்துவரும் காரின் சேதத்துக்குப் பணம் தராது. மூன்றாம் நபர் சொத்துச் சேதப் பிரிவில், காப்பீடு செய்தவரின் பொறுப்பிலோ கட்டுப்பாட்டிலோ உள்ள பொருள் விலக்கப்பட்டிருக்கிறது. இழுக்கப்படும் வாகனத்துக்கு ஏற்படும் சேதமும் வெளிப்படையாகவே விலக்கப்பட்டிருக்கிறது. பலர் இதை அறியாமல், எனக்கு இன்சூரன்ஸ் இருக்கிறது, பார்த்துக்கொள்ளும் என்று வாடிக்கையாளரிடம் வாக்குக் கொடுத்துவிடுகிறார்கள்.

வள்ளியூர் ரெக்கவரி – புதன், காலை 7.05

ஐயா சொன்னது உண்மை. இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான் எனக்கே தெரிந்தது. இப்போது ஏற்றிச் செல்லும் வாகனங்களுக்கென்று தனியாக ஒரு பொறுப்புக் காப்பீடு எடுத்திருக்கிறேன். செலவு கூடுகிறது, அதனால் என் கட்டணமும் மற்றவர்களைவிடக் கூடுதல். உதவி நிறுவனங்கள் குறைந்த தொகை கேட்பவரைத்தான் முதலில் அழைக்கின்றன. ஆசிரியர் அண்ணாச்சிக்கு மேடை வண்டி வராததற்கும் இதுவே காரணமாக இருக்கக்கூடும்.

வழக்கறிஞர் (பெருமாள்புரம்) – புதன், இரவு 8.50

நாள் முழுதும் நீதிமன்றத்தில் இருந்ததால் தாமதமாக எழுதுகிறேன்.

ஒரு பொருளை ஒரு வேலைக்காக ஒருவரிடம் ஒப்படைத்து, வேலை முடிந்ததும் திரும்பப் பெறுவதை 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் பெய்ல்மெண்ட் என்கிறது. 148ஆம் பிரிவு அதன் வரையறை. 151ஆம் பிரிவின்படி, பெற்றுக்கொண்டவர், தன் சொந்தப் பொருளை ஒரு சாதாரண விவேகமுள்ள மனிதர் எப்படிப் பார்த்துக்கொள்வாரோ அந்த அளவு கவனத்துடன் அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அவ்வாறு கவனித்தும் சேதம் நேர்ந்தால், தனி ஒப்பந்தம் இல்லாதவரை அவர் பொறுப்பல்ல என்று 152ஆம் பிரிவு சொல்கிறது. உங்கள் காரின் சாவியும் வண்டியும் ரெக்கவரிக்காரர் கைக்குப் போன நொடியிலிருந்து இந்தக் கடமை அவர்மேல் ஏறிவிட்டது.

இதில் உங்களுக்கு மிக முக்கியமானது நிரூபிக்கும் சுமை. வாகனத்தை இன்ன நிலையில் ஒப்படைத்தேன், இன்ன நிலையில் திரும்பி வந்தது என்று நீங்கள் காட்டினால் போதும். நான் உரிய கவனத்துடன்தான் நடந்துகொண்டேன் என்று நிரூபிப்பது அவர் பொறுப்பு. வழியில் நடந்தது அவருக்குத்தான் தெரியும் என்பதே இதன் அடிப்படை.

அச்சிட்ட சீட்டைப் பற்றி: 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் டெல்லி தாஜ்மகால் ஹோட்டல் வழக்கில் வழங்கிய தீர்ப்பைப் படியுங்கள். 1998இல் விருந்தினர் ஒருவர் வாகன நிறுத்தப் பணியாளரிடம் ஒப்படைத்த மாருதி ஜென் கார் திருடுபோயிற்று. நிறுத்துவது விருந்தினரின் சொந்தப் பொறுப்பில் என்று டோக்கனில் அச்சிட்டிருந்தார்கள். தன்னுடைய அல்லது தன் பணியாளர்களுடைய கவனக்குறைவால் நேரும் இழப்புக்கான பொறுப்பை இப்படி அச்சிட்டுத் தட்டிக்கழிக்க முடியாது என்று நீதிமன்றம் கூறியது. அந்த வழக்கில் இன்சூரன்ஸ் நிறுவனம் முதலில் உரிமையாளருக்கு 2,80,000 ரூபாய் கொடுத்துவிட்டு, அவருடைய உரிமையை ஏற்று ஹோட்டலிடமிருந்து அதை மீட்டது என்பதையும் சர்வேயர் ஐயா சொன்னதோடு சேர்த்துப் பாருங்கள். அது ஹோட்டல் பற்றிய தீர்ப்புதான். ஆனால் காரை ஒப்படைத்தல் என்ற அடிப்படை இரண்டிற்கும் ஒன்றே.

அடுத்து, யார்மேல் வழக்குத் தொடுப்பது? என் கருத்தில் மூவர்மேலும். சாலையோர உதவிக்குப் பிரீமியம் வாங்கியது இன்சூரன்ஸ் நிறுவனம். அதை நடத்துவது உதவி நிறுவனம். அவர்கள் அனுப்பியவர் ரெக்கவரிக்காரர். நீங்கள் ரெக்கவரிக்காரரைத் தேடிப் பிடிக்கவும் இல்லை, அவருக்குப் பணம் கொடுக்கவும் இல்லை. மேடை வண்டி வேண்டும் என்று சொல்லியும் தகுதியற்ற வண்டியை அனுப்பியது உதவி நிறுவனத்தின் தனிப்பட்ட சேவைக் குறைபாடு. அழைப்புகள் பதிவு செய்யப்படும் என்று தொடக்கத்தில் அறிவிக்கிறார்களே, அந்த ஒலிப்பதிவை அழிக்காமல் வைத்திருந்து தருமாறு இன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள்.

2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் வசிக்கும் ஊரிலேயே, அதாவது திருநெல்வேலி மாவட்ட ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். எதிர்தரப்பின் தலைமை அலுவலகம் மும்பையில் இருந்தாலும் கவலையில்லை. எந்த ஆணையம் என்பதை முடிவு செய்வது நீங்கள் கேட்கும் இழப்பீடு அல்ல, சேவைக்காக நீங்கள் செலுத்திய தொகை. அது 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணமே கிடையாது. கெடு 2 ஆண்டுகள்.

சிந்துபூந்துறைக்காரி (திருநெல்வேலி சந்திப்பு) – வியாழன், காலை 11.20

2023 டிசம்பர் 17, 18 தேதிகளின் வெள்ளத்தை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய அந்த மழையில், தாமிரபரணி எங்கள் தெருவுக்குள் புகுந்து காரின் ஸ்டியரிங் வரை ஏறி நின்றது. தண்ணீர் வடிந்த மூன்றாம் நாள் ஒரு கிரேன்காரரை அழைத்தோம். ஊரே சேற்றில் கிடந்ததால் யாருக்கும் பொறுமை இல்லை, எங்களுக்கும் இல்லை. அவருடன் வந்த பையன், வண்டி உருள்கிறதா என்று பார்ப்பதற்காகச் சாவியைப் போட்டு ஸ்டார்ட்டரைத் திருகினான். டக் என்று ஒரு சத்தம் கேட்டது. பிறகு ஒர்க்‌ஷாப்பில், சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது என்ஜினைச் சுற்றியதால் பிஸ்டனோடு இணைந்த கனெக்டிங் ராடு வளைந்துவிட்டது என்றார்கள்.

இன்சூரன்ஸ் நிறுவனம், இருக்கைகளுக்கும் வயரிங்குக்கும் தந்தது; என்ஜினுக்குத் தரவில்லை. கிரேன்காரரிடம் கேட்டபோது, ஏற்கெனவே வெள்ளத்தில் மூழ்கிய வண்டிதானே, அப்போதே போயிருக்கும் என்றார். எங்களிடம் மறுமொழி இல்லை. ஒரு படம்கூட எடுக்கவில்லை. அந்தப் பையன் சாவியைத் திருகியதை என் மாமியாரும் நானும் மட்டுமே பார்த்தோம். வழக்கறிஞர் ஐயா, ஒப்படைத்தபோதே பழுதாகியிருந்த வண்டிக்கு நீங்கள் சொன்ன நிரூபிக்கும் சுமை பொருந்துமா?

வழக்கறிஞர் – வியாழன், இரவு 9.15

அம்மா, பொருந்தும், ஆனால் முதற்படி உங்களுடையது. ஒப்படைத்த நேரத்தில் எது நன்றாக இருந்தது என்று நீங்கள் காட்டிய பின்தான் சுமை அவர்மேல் நகரும். ஆசிரியரின் கார் 50 கிலோமீட்டருக்கு முன்புவரை ஓடிவந்த கார். அதன் கியர்பாக்ஸ் அதுவரை வேலை செய்தது என்பதில் ஐயமில்லை. உங்கள் கார் வெள்ளநீரில் நின்றது. ஆனாலும் உங்கள் வழக்கு வெறுங்கையல்ல. நின்றிருந்த என்ஜினுக்குள் தண்ணீர் புகுந்தால் அது கெடும், துருப்பிடிக்கும். கனெக்டிங் ராடு வளைய வேண்டுமென்றால் யாராவது அதைச் சுற்றியிருக்க வேண்டும். அந்த ஒரு பாகமே ஒரு சாட்சி. உங்கள் வாய்மொழிச் சாட்சியமும் சாட்சியமே. ஆனால் இரண்டு ஆண்டுக் கெடு உங்களுக்குத் தடையாக நிற்கும்; தாமதத்துக்குப் போதிய காரணம் காட்டினால் ஆணையம் மன்னிக்கலாம், கட்டாயம் மன்னிக்கும் என்று சொல்ல மாட்டேன்.

தென்காசி வாசகர் (தென்காசி) – வெள்ளி, பகல் 1.30

காவல்துறை தூக்கிச் சென்ற வண்டியில் சேதம் ஏற்பட்டாலும் இதே சட்டம்தானா?

வழக்கறிஞர் – வெள்ளி, இரவு 10.00

வழக்குத் தொடுக்கும் இடம் மாறும், அடிப்படை மாறாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 127ஆம் பிரிவு, தடைசெய்த இடத்தில் நிறுத்திய வாகனத்தை அகற்ற அதிகாரம் தருகிறது, இழுத்த செலவையும் உரிமையாளர்மேல் சுமத்துகிறது. சேதப்படுத்தும் உரிமையை எங்கும் தரவில்லை. ஜூனாகத்தில் சுங்க அதிகாரிகள் பறிமுதல் செய்த லாரிகள் பற்றிய வழக்கில், ஒப்பந்தமே இல்லாவிட்டாலும் கைப்பற்றிய அரசு அவற்றைப் பத்திரமாக வைத்திருந்து திருப்பித்தரக் கடமைப்பட்டது என்று உச்ச நீதிமன்றம் 1967இலேயே கூறிவிட்டது. ஆனால் அங்கே நீங்கள் விலை கொடுத்துச் சேவை வாங்கியவர் அல்லர் என்பதால் நுகர்வோர் ஆணையம் பொதுவாக உதவாது. உரிமையியல் நீதிமன்றத்தை நாட வேண்டும்.

வள்ளியூர் ரெக்கவரி – சனி, காலை 6.40

எங்கள் தரப்பிலும் ஒன்று சொல்லியாக வேண்டும். சாலையில் நின்றுபோன வண்டியை இழுப்பதும், கவிழ்ந்த வண்டியை மீட்பதும் ஒன்றல்ல. சென்ற ஆண்டு சேரன்மகாதேவி அருகே கன்னடியன் கால்வாய்க்குள் தலைகுப்புறப் பாய்ந்த ஒரு காரை வின்ச் போட்டு எடுத்தோம். கரைக் கல்லில் உரசாமல் அதை எடுக்க வழியே இல்லை. முன்பே உரிமையாளரை அழைத்து, இந்தக் கதவு நசுங்கும், இதற்குச் சம்மதமா என்று கேட்டு, அவர் சொல்வதைக் கைப்பேசியில் பதிவு செய்துகொண்டுதான் வடத்தைக் கட்டினேன். இது சீட்டில் பொதுவாக அச்சிடுவது போன்றதல்ல; எந்தச் சேதம் தவிர்க்க முடியாதது என்பதை முன்கூட்டிப் பெயர் சொல்லிக் கேட்பது.

வாகன உரிமையாளர்களும் சிலவற்றை மறைக்கிறார்கள். என்ஜினின் எண்ணெய்த் தொட்டி (ஆயில் சம்ப்) ஏற்கெனவே ஒழுகுவதைச் சொல்லாமல், ஏற்றும்போது நீங்கள்தான் உடைத்தீர்கள் என்று என்னிடம் பணம் கேட்டவர் உண்டு. அதனால்தான் இப்போது ஏற்றுவதற்கு முன் நான்கு பக்கமும் அடிப்பகுதியும், கிலோமீட்டர் காட்டும் பலகையும் தெரியும்படி படம் எடுத்து, அந்த இடத்திலேயே உரிமையாளருக்கு அனுப்பிவிடுகிறேன். இறக்கியபின் மறுபடியும் எடுக்கிறேன்.

வழக்கறிஞர் – சனி, காலை 9.10

அறிந்த குறையை மறைக்காமல் சொல்வது ஒப்படைப்பவரின் கடமை என்று அதே ஒப்பந்தச் சட்டத்தின் 150ஆம் பிரிவு கூறுகிறது. தம்பியின் நடைமுறை இருதரப்பையும் காக்கும்.

பாளை ஆசிரியர் – ஞாயிறு, மாலை 5.30

அனைவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. உங்கள் பதிவுகளைப் படித்தபின் மூன்று செயல்களைச் செய்தேன். ஒலிப்பதிவைப் பாதுகாக்கும்படி உதவி நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன். கியர்பாக்ஸையும் பம்பரையும் ஆல்டர்னேட்டரிலிருந்து பிரித்து, இன்சூரன்ஸ் நிறுவனத்துக்குப் புதிய கடிதம் எழுதினேன். மூன்றாவதாக, வீட்டில் எல்லோருடைய கைப்பேசிகளையும் தேடினேன். ரெக்கவரி வண்டியின் பின்னால் என் மைத்துனரின் காரில் வந்த என் மகள், நாங்குநேரி சுங்கச் சாவடியில் வரிசையில் நின்றபோது ஒரு காணொளி எடுத்திருக்கிறாள். என் காரின் பின்பக்கம் தூக்கப்பட்டிருப்பதும், முன்சக்கரங்கள் சாலையில் உருள்வதும், பெல்ட் பம்பரைச் சுற்றி இறுக்கப்பட்டிருப்பதும் அதில் தெளிவாகத் தெரிகின்றன. தேதியும் நேரமும் அதில் உள்ளன.

ஓர் ஐயம். ஒர்க்‌ஷாப்பில், பழைய கியர்பாக்ஸைக் கழித்துவிட்டால் விலையில் 6,000 ரூபாய் குறைக்கிறோம் என்கிறார்கள். சம்மதிக்கலாமா?

ஓய்வுபெற்ற சர்வேயர் – ஞாயிறு, மாலை 5.50

சம்மதிக்கவே வேண்டாம். உங்கள் வழக்கின் முதல் சாட்சி அந்தக் கியர்பாக்ஸ்தான். இனி எண்ணெயை வடிக்காமல், திறக்காமல், வரிசை எண் தெரியும்படி படம் எடுத்து, உறையிட்டு உங்கள் பெயரை எழுதி வைக்கச் சொல்லுங்கள். மூன்று தரப்புக்கும், இன்ன தேதிக்குள் வந்து பார்வையிடலாம் என்று ஸ்பீடு போஸ்டில் எழுதுங்கள். வராவிட்டால் அதுவும் உங்களுக்குச் சாதகமான பதிவாகும். திறந்து பார்க்கும் நாளில் நானும் ஒர்க்‌ஷாப்புக்கு வருகிறேன், எனக்குக் கட்டணம் எதுவும் வேண்டாம்.

வழக்கறிஞர் – ஞாயிறு, இரவு 7.20

காணொளியை வேறு கைப்பேசிக்கு அனுப்பி, அந்தப் பிரதியை மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள். மகளின் கைப்பேசியில் உள்ள மூலத்தை அழிக்காமல் வையுங்கள். மின்னணுப் பதிவுக்குப் புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி ஒரு சான்றிதழ் வேண்டும். அதில் மகளும் கையெழுத்திட வேண்டியிருக்கும்.

பாளை ஆசிரியர் – திங்கள், இரவு 8.05

கியர்பாக்ஸை உறையிட்டு, என் பெயரும் தேதியும் எழுதி, ஒர்க்‌ஷாப்பின் உள்ளறையில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். மூன்று கடிதங்களும் இன்று பாளையங்கோட்டைத் தலைமை அஞ்சலகத்தில் பதிவாகிவிட்டன. பார்வையிட அடுத்த மாதம் 10ஆம் தேதி வரை அவகாசம் கொடுத்திருக்கிறேன். சர்வேயர் ஐயா, 11ஆம் தேதி காலை பத்து மணிக்கு உங்களை அழைத்துச் செல்ல மைத்துனரின் காரில் நானே மகாராஜநகருக்கு வருகிறேன்.